அப்பாவின் இடது கை

எங்கள் அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் கம்பி ஏணியில் ஏறி இறங்குவார். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவர் எங்கள் வீட்டுச் சமையலறையில் பல்பு மாற்றும்போது முக்காலியிலிருந்து விழுந்து, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

“பன்னெண்டு மாடி ஏறுற மனுஷன் ரெண்டு அடி முக்காலியிலேருந்து விழுந்தாராம். வெளியில சொன்னா சிரிப்பாங்க,” என்றார் அம்மா. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது.

மாவுக்கட்டு போட்டுவிட்டு, ஆறு வாரத்துக்கு அதைப் பிரிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா சரி சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் நிமிர்ந்து அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். அங்கேதான் கறுப்புப் பெட்டிக்குள் அவருடைய அக்கார்டியன் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கார்டியனை மார்போடு சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். வலது பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள். இடது பக்கம் வரிசை வரிசையாகக் குட்டிப் பட்டன்கள். நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. இடது கையால் துருத்தியை இழுத்து அமுக்கினால்தான் உள்ளே காற்று ஓடும். காற்று ஓடினால்தான் சத்தம் வரும். இடது கை இல்லையென்றால் அது வெறும் பெட்டிதான்.

தினமும் அப்பா வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அப்புறம் அந்தப் பெட்டியை இறக்குவார். அவர் வாசிப்பதைப் பார்க்க வேண்டுமே! கண்ணை மூடிக்கொள்வார். புருவம் மட்டும் பாட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். நாள் முழுக்க எண்ணெயிலும் தூசியிலும் கிடந்த விரல்கள் அவ்வளவு லேசாக ஓடும். இப்படி ஓர் அப்பா எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வேன். சரி, தம்பிக்கும்தான். என்ன செய்வது, அவனும் இதே வீட்டில்தான் பிறந்திருக்கிறான்.

போன வருஷம் அப்பா எனக்கு வாசிக்கக் கற்றுத்தர ஆரம்பித்தார். எனக்கு வீட்டில் அவசரக்குடுக்கை என்று பெயர். பாட்டிலும் அப்படித்தான். மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் நான் ஓடுவேன். மூன்றாம் நாள், “எனக்கு இது வராதுப்பா,” என்று எழுந்துவிட்டேன்.

அப்பா திட்டவில்லை. “உனக்கா தோணும்போது வா, குடுக்கை. பெட்டி எங்கயும் போயிடாது,” என்றார்.

நான் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

தம்பிக்கு ஆறு வயது. அவன் பெயர் நத்தை. அவன் ஒரு செருப்பை மாட்டுவதற்குள் நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்துவிடலாம். இந்த வருஷம் ஆண்டு விழாவில் அவனுக்கு வாத்து வேஷம். பன்னிரண்டு வாத்துகள் வரிசையாக மேடையைக் கடந்து குளத்துக்குப் போக வேண்டும். நத்தைதான் கடைசி வாத்து.

சின்ன வகுப்பு நடனத்துக்கு எப்போதும் எங்கள் அப்பாதான் வாசிப்பார். வீட்டில் கண்ணை மூடிக்கொள்கிறவர், பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார். போன வருஷம் ஒரு முயலுக்கு நடு மேடையில் ஷூ கழன்றுவிட்டது. முயல் ஷூவை மாட்டி முடிக்கும் வரை அப்பா ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். அதுவும் நடனத்தில் ஒரு பகுதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“இந்த வருஷம் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கலாம். அப்பாவைக் கையைப் பாத்துக்கச் சொல்லும்மா,” என்றார் டீச்சர்.

ஸ்பீக்கர் காத்திருக்குமா? முதல் ஒத்திகையிலேயே பாட்டு முடிந்துவிட்டது. பதினோரு வாத்துகள் குளத்துக்குப் போய்விட்டன. நத்தை மட்டும் மேடை நடுவில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் ஒத்திகையிலும் அதே கதைதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வாத்து மூக்கைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

“ஆண்டு விழா அன்னைக்கு எனக்கு வயித்து வலி வரும்,” என்றான்.

“அதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கேடா!” என்றார் அம்மா.

“அன்னைக்குக் கண்டிப்பா வரும்,” என்றான். அவன் உதடு நடுங்கியது. வீட்டில் அவனை நத்தை என்று நான் ஆயிரம் தடவை கேலி செய்வேன். அதற்காக ஊரே சிரிக்கலாமா?

அப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை விரல்கள் மேஜை விளிம்பில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அது வாத்துப் பாட்டுதான். எனக்குத் தெரிந்துவிட்டது.

“அப்பா, உங்க வலது கை நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. காத்துக்கு எங்க போறது?”

“காத்து நான் தர்றேன்,” என்றேன்.

நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை நானே இறக்கினேன். அப்பா உட்கார்ந்தார். அம்மா வாரைத் தோளில் மாட்டிவிட்டார். நான் அப்பாவின் இடது பக்கம் நின்று, கைப்பட்டைக்குள் கையை நுழைத்து, ஒரே இழுப்பாக இழுத்தேன்.

ங்ஙேஏஏஏ!

கீழ் வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். “என்ன சார், ஆடு வளக்குறீங்களா?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நத்தை கீழே விழுந்து புரண்டு சிரித்தான். சிரிக்கட்டும், அழுவதற்கு அது மேல்.

நான் விடவில்லை. இந்தத் தடவை எழுந்து போக முடியாது. போனால் பன்னிரண்டாவது வாத்துக்கு வயிற்று வலி வந்துவிடும். ஆனால் பாட்டு பாதியில் இருக்கும்போதே என் துருத்தி முழுசாக விரிந்து நின்றுவிடும். தோள் பயங்கரமாக வலித்தது.

“பஸ் பிடிக்க ஓடுறவ மூச்சு வாங்குற மாதிரி இழுக்குறே. தூங்குறவங்க மூச்சு மாதிரி இழு,” என்றார் அப்பா.

தூங்குகிறவர்கள் மூச்சு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நத்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் வயிற்றைப் பார்த்தேன். மெதுவாக ஏறியது. ஒரு நொடி நின்றது. மெதுவாக இறங்கியது. நான் கையை நீட்டி, அவன் வயிறு ஏறும்போது வெறும் காற்றை இழுத்தேன், இறங்கும்போது அமுக்கினேன். நூறு தடவையாவது செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் ஆடு கத்தவில்லை. பாட்டு வந்தது! அப்பாவின் புருவம் ஏறி இறங்கியது. என் கைக்குள் அந்தப் பெட்டி உயிரோடு அதிர்ந்தது. அப்பா வாசிப்பதை இத்தனை நாள் காதால்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கையால் கேட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது.

பட்டன்களில் ஒன்றில் மட்டும் சின்னக் குழி இருக்கிறது. பார்க்காமலே விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். அதையும் அதற்குப் பக்கத்துப் பட்டனையும் அழுத்த அப்பா சொல்லிக்கொடுத்தார். பூம், பா. பூம், பா. வாத்துகள் நடக்க அது போதும்.

“ரெண்டு பேர் சேந்து ஒரே பெட்டியா?” என்று டீச்சர் ஆச்சரியப்பட்டார். கேட்டுப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரை மூட்டை கட்டினார்.

விழா நாளும் வந்தது. மேடை ஓரத்தில் இடம் கொஞ்சம்தான். துருத்தி விரிய வேண்டுமே என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். அப்பாவின் முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

“ஐயோ, குடுக்கை, எனக்குப் பிள்ளைங்க தெரிய மாட்டாங்களே,” என்றார் அப்பா. அதற்குள் திரை விலகிவிட்டது.

பூம், பா. பூம், பா. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாத்துகள் ஆடி ஆடி நடந்தன. பதினோரு வாத்துகள் குளம் சேர்ந்தன. நத்தை நடு மேடைக்கு வந்தான். ரப்பர் கயிறு சறுக்கி, வாத்து மூக்கு அவன் கண்ணுக்கு மேல் ஏறிக்கொண்டது. ஒன்றும் தெரியாமல் அப்படியே நின்றுவிட்டான்.

பாட்டில் இரண்டே வரிதான் மிச்சம். பேசினால் எல்லோருக்கும் கேட்கும். பழைய குடுக்கையாக இருந்திருந்தால் சட்டென்று வாசித்து முடித்துவிட்டு ஓடியிருப்பேன். என் நெஞ்சு அப்படித்தான் அடித்தது.

நான் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். துருத்தியை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தேன்.

அப்பாவின் ஒரு புருவம் ஏறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய விரல் அப்போது இருந்த கட்டையிலேயே நின்றுவிட்டது. ஒரே சுரம் கூடம் முழுக்க நீண்டுகொண்டே போனது. என் கை முழுசாக விரிந்தது. நிற்காமல், அதேபோல மெதுவாகத் திருப்பி அமுக்கினேன். சுரம் அறுபடவில்லை.

நத்தை மூக்கைக் கீழே இறக்கினான். எங்களைப் பார்த்தான். பாட்டு தனக்காகத்தான் நிற்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வாலை இரண்டு தடவை ஆட்டினான். ராஜா மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தான். பூம், பா. பூம், பா. அவன் கடைசி அடி வைக்கும்போது எங்கள் பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

“என்ன ஆச்சு?” என்று அப்பா கேட்டார்.

“வாத்துக்குக் கண்ணு தெரியலப்பா. அதான் நின்னேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு எதுவும் தெரியாதே. நீ நின்னே, நானும் நின்னேன். நீ நின்னா காரணம் இருக்கும்ல?”

எவ்வளவு பெரிய வாசிப்புக்காரர்! என்ன ஏது என்று தெரியாமலே என்னை நம்பி நின்றிருக்கிறார்.

விழா முடிந்து நான்கு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அதுவரை ஒரு நாள்கூட நாங்கள் வாசிக்காமல் இருந்ததில்லை. அன்று சாயங்காலம் அப்பா இரண்டு கையையும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். பெட்டியை அவரே இறக்கினார். இனி நான் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தேன். ஒரு எழுத்துகூடக் கண்ணில் படவில்லை.

வாரை மாட்டிக்கொண்ட அப்பா, இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“எங்கே என் இடது கை? அங்க உக்காந்து என்ன பண்ணுது?” என்றார்.

“ஏங்க, அதான் கட்டுப் பிரிச்சாச்சே!” என்றார் அம்மா.

“இன்னும் லேசா வலி இருக்கு,” என்று சொன்ன அப்பா, அதே கையை வெளியே எடுத்து நத்தையை அலேக்காகத் தூக்கி மேஜை மேல் உட்கார வைத்தார். மறுபடி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் அவசரப்படவில்லை. நோட்டை ஒழுங்காக மூடி வைத்தேன். மெதுவாக எழுந்தேன். மெதுவாக நடந்து அப்பாவின் இடது பக்கம் போனேன்.

சரி, கொஞ்சம் ஓடினேன்.