தடைதாங்கி

ஞானதிரவியம் தன் மகளிடம் பேசிப் பதினான்கு வருடங்கள் ஆகின்றன. மூன்று வாரமாக இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அவருக்கு வேண்டியதையெல்லாம் மனைக்கணினியிடம்தான் சொல்வார். "காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்லு" என்பார். எதிரே நிற்கும் ஜெபக்கனிக்கு அது காதில் விழுந்துவிடும். இருந்தும் கணினி அதை ஒருமுறை மரியாதையாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும். அவரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டதற்கு இந்த வீம்பு.

அந்த வீம்பும் கணினிக்குள்தான் இருந்தது என்பது வேடிக்கை. மறதி நோய் அவருடைய கடைசி முப்பது வருடங்களைத் துடைத்துவிட்டிருந்தது. நோயின் தொடக்கத்திலேயே எடுத்துச் சேமித்த நினைவுகளையும் அன்றன்று பதியும் புதியவற்றையும் கணினி ஓயாமல் அனுப்ப, காதுக்குப் பின்னால் தைத்திருந்த நினைவுக்கண்ணி அவற்றை மூளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் தெருவுக்கு இரண்டு பெரியவர்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. கணினி பன்னிரண்டு நிமிடம் அணைந்திருந்தால் கண்ணி அறுந்துவிடும், பிறகு ஒட்டாது. ஒரே நாளில் இரண்டு முறை அணைக்கவும் கூடாது. இன்று முதல் தினமும் நாலு மணிக்கு நாற்பது நிமிட மின்வெட்டு என்று அறிவித்துவிட்டார்கள். இதுவரை அப்பாவைப் பார்த்துக்கொண்ட தம்பி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கிருந்தே அவன் வாங்கி அனுப்பிய தடைதாங்கி வந்து சேர்ந்தபோது மணி மூன்று நாற்பது. மின்சாரம் போனால் கணினிக்கு எட்டு மணி நேரம் உயிர் கொடுக்கும் பெட்டி அது.

ஜெபக்கனி விளக்கத்தாளை அவசரமாக மேய்ந்தாள். கணினியின் பிளக்கை உருவி, தடைதாங்கியைச் சுவரில் சொருகி, கணினியைத் தடைதாங்கியில் சொருக வேண்டும். மூன்று நிமிட வேலை.

"கொஞ்ச நேரம் அணைக்கப் போறேன்னு அப்பாகிட்டச் சொல்லு."

கணினி சொன்னது. "சரின்னு சொல்லு" என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் கொடுத்தார்.

மூன்று ஐம்பதுக்குப் பிளக்கை உருவினாள். எல்லாவற்றையும் மாற்றிச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். தடைதாங்கி ஒருமுறை கீச்சிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் செத்துப்போனது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான். கணினியைப் பழையபடி சுவரில் சொருகவும் முடியாது; நாலு மணிக்கு இரண்டாம் முறை அணைந்துவிடும்.

"ஏட்டி கனி, பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

திரும்பினாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக, கண்ணை விலக்காமல்.

"இப்பிடி எளச்சுப் போயிட்டியே. சாப்பிட்டியா?"

தலையை மட்டும் ஆட்டினாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் தலையைத் தடவினார். நாற்பது வயதில் நரைத்திருந்த முடி அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அப்பா காலத்துக்கும் அவளுக்குத்தான். யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

"அம்மா எங்கட்டி? கோயிலுக்கா?"

அம்மா இறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அன்று தெருமுனையில் நின்று பார்க்க மட்டுமே ஜெபக்கனிக்கு அனுமதி இருந்தது. அம்மாவோடு அவர் வாழ்ந்த அத்தனை கடைசி வருடங்களும் இந்தக் கணினிக்குள் இருந்தன. அவற்றைத் தூக்கிப்போட அவளுக்கு என்ன உரிமை? "இப்ப வந்துருவாப்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"இந்தப் பொட்டிக்காட்டி அழுத? நகரு, பாப்போம்."

ரேடியோ ரிப்பேர் பார்த்த கை. மூடியைத் தள்ளித் திறந்தார், உள்ளே குனிந்து பார்த்தார், சிரித்தார்.

"பேட்டரி ஒயரு மாட்டவே இல்லயே. வழியில தீப்பொறி வந்துரக் கூடாதுன்னு கழட்டிவிட்டுத்தான் அனுப்புவான். அந்தச் செவப்ப எடு. முனையில அழுத்து. பயப்படாதட்டி, நான் இருக்கம்லா."

மணி மூன்று ஐம்பத்தெட்டு. சிவப்பு ஒயர் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது. அவர் கை அவள் தலைமேல் இருந்தது. அவள் ஒயரை அழுத்தினாள், பொத்தானைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கணினி முனகிக்கொண்டு விழித்தது.

அவள் நகரவில்லை. நாலு மணிக்குத் தெருவில் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாலு மணி ஒரு நிமிடத்துக்குத் தலைமேலிருந்த கை ஒரு நொடி தயங்கி, பிறகு விலகியது.

அவர் எழுந்து நாற்காலிக்குப் போனார். தரையில் எதற்காக உட்கார்ந்திருந்தோம் என்று யோசித்தவர் போலத் திறந்து கிடந்த பெட்டியை ஒருமுறை நோட்டம் விட்டார். கணினி அணைந்திருந்த அந்த நேரம் எங்கும் பதிவாகவில்லை.

"வேல சுத்தமா இருக்கு. பேட்டரி ஒயர மாட்டணும்னு யாரு சொன்னாங்கன்னு கேளு" என்றார் சுவரிடம்.

கணினி கேட்டது.

"எங்கப்பான்னு சொல்லு."

கணினி அதையும் மரியாதையாகச் சொன்னது. பிறகு கணினியே இன்னொன்றைத் தெரிவித்தது: இனி எந்த மின்வெட்டிலும் ஐயாவின் நினைவு ஒரு நொடிகூட அறுபடாது.

"நல்லதுன்னு சொல்லு" என்றார் ஞானதிரவியம்.