திரையில் ஒரு திருக்கோபுரம்!

காந்தி மார்க்கெட்டை அடுத்த அந்தக் காவல் நிலையத்தில் தொலைபேசி அலறியது.

"அம்மா… வெங்காய மண்டிலேர்ந்து பேசுறேன். எங்க மாடியில போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்காரே, சர்ஃபராஸ் பாய்… ரத்தமா கிடக்காரும்மா!"

"உயிர் இருக்கா?" என்றாள் இன்ஸ்பெக்டர் வெள்ளையம்மாள்.

"தொட்டுப் பாக்கவே பயமா இருக்கு…"

ஜீப் பறந்தது.

சர்ஃபராஸ் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ஆழ்ந்த காயம். அருகே, குருதி தோய்ந்த ட்ரைபாட். மணிக்கட்டைத் தொட்டாள். நாடி மெலிந்து ஓடியது!

ஆம்புலன்ஸ் அவனைச் சுமந்து சென்றது. வெள்ளையம்மாளின் பார்வை மேசைமேல் நிலைத்தது.

"ஏட்டையா, இதைப் பாருங்க."

"மானிட்டர் உடைஞ்சிருக்கும்மா. சண்டையில விழுந்திருக்கும்."

"எங்க விழுந்துச்சு? நின்ன எடத்துலயே நிக்குதே! ஆளை அடிச்சவன், அப்புறம் இதையும் அடிச்சிருக்கான். நடு நெத்தியில!"

விரிசல்களுக்குப் பின்னே ஒரு படம் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

திருவரங்கத்து ராஜகோபுரம். மழை ஓய்ந்த மாலை. கார்முகிலின் முன்னே, நீராடிக் கரையேறிய களிறென நின்றது கோபுரம். கீழே, யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடி. கொடியில் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை.

"இது நம்ம ஸ்டேஷன் கம்ப்யூட்டர்லயே இருக்கேம்மா! பாயோட வெப்சைட்லேர்ந்து நான்தான் சேவ் பண்ணி வெச்சேன்."

"ஊர்ல யார்கிட்டதான் இல்ல ஏட்டையா? என் பல் டாக்டர் கம்ப்யூட்டர்லயும் இதேதான்!"

உண்மை. சர்ஃபராஸின் இணையப்பக்கத்தில் ஒரே அறிவிப்புதான் உண்டு. 'பிடித்திருந்தால் சேமித்துக்கொள்ளுங்கள்.' ஊரே சேமித்துக்கொண்டது.

"ஆளைத் தேட வேணாம்," என்றாள் வெள்ளையம்மாள். "முதல்ல இந்த மாடியைத் தேடுவோம்!"

* * *

ஸ்ரீரங்கம், தெற்கு உத்திர வீதி.

கொல்லைக் குழாயடியில் ரங்கநாதன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நெற்றியில் திருமண் துலங்கியது. நெஞ்சில் அழுக்காறு கனன்றது.

அவனும் புகைப்படக்காரனே. அவனுக்கும் இணையப்பக்கம் உண்டு. ஆனால் அங்கே ஒரு படத்தின்மேல் மவுஸை வைத்து வலப்பக்கம் சொடுக்கினால், 'திருடாதீர்!' என்று ஒரு சிவப்புப் பெட்டி குதித்தெழும். கோபுரத்தின் குறுக்கே, உச்சி முதல் அடி வரை அவன் பெயர் படுத்துக் கிடக்கும்.

யாரும் திருடவில்லை. அதுதான் அவனுடைய தீராத நோய்!

வங்கியில் சர்ஃபராஸின் படம். மருந்துக் கடையில் சர்ஃபராஸின் படம். பொறுத்தான்.

இன்று காலை, பஞ்சாங்கம் பார்ப்பதற்காக மனைவி ஆனந்தவள்ளியின் லேப்டாப்பைத் திறந்தான்.

அங்கேயும் அதே கோபுரம்!

என் அகத்துக்காரி… என் படம் ஒன்றையேனும் வைத்திருக்கலாகாதா?

உற்றுப் பார்த்தான்.  கொடியில் ஆடும் அந்தப் புடவை… அவளுடையது. அந்த மாடி… அவனுடையது!

தான் வெளியூர்க் கல்யாணங்களைப் படமெடுக்கப் போயிருந்தபோது, அந்த சர்ஃபராஸ் இங்கே வந்திருக்கிறான்!

நேரே ஸ்டுடியோவுக்குப் போய் சர்ஃபராஸின் சட்டையைப் பற்றினான்.

"எங்காத்து மாடிக்கு எப்படா வந்தே?"

"உங்க வாசப்படியக்கூட மிதிச்சதில்ல சார். அல்லாஹ் மேல ஆணை!"

"அப்போ இதை யார் எடுத்தா?"

"சொல்றதில்லன்னு வாக்கு குடுத்திருக்கேன். யார்கிட்ட சொன்னாலும் உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு…"

பொறாமையின் செவிக்கு அதுவே வாக்குமூலம். சர்ஃபராஸ் திரும்பினான். ட்ரைபாட் உயர்ந்தது!

இப்போது கையை உதறிவிட்டு ரங்கநாதன் உள்ளே வந்தான்.

"ஆனந்தா, யார் வந்து கேட்டாலும், நான் காத்தாலேர்ந்து ஆத்தைவிட்டு நகரலைன்னு சொல்லு."

"ஏன்னா? என்ன ஆச்சு?"

"கேள்வி கேக்காதே. சொன்னதைச் சொல்லு!"

அவள் சொல்லும் ஒரு சொல்லில் அவன் விடுதலை தொங்கியது.

வாசலில் ஜீப் நின்றது.

* * *

"வாங்கோ, உக்காருங்கோ," என்றாள் ஆனந்தவள்ளி.

தெருவிலிருந்தே அந்த மொட்டைமாடியை அடையாளம் கண்டு வந்த வெள்ளையம்மாள் உட்காரவில்லை. "சார், காலையில எங்க இருந்தீங்க?"

"ஆத்துலதான். பெருமாள் திருவாராதனம் பண்ணிண்டிருந்தேன். வேணும்னா இவளைக் கேளுங்கோ."

"அப்படியாம்மா?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

"ஆமாம். ஆத்துலதான் இருந்தார்."

ரங்கநாதன் மூச்சு விட்டான். பிழைத்தான்!

"சரிங்க. காந்தி மார்க்கெட்ல சர்ஃபராஸ்னு ஒரு போட்டோகிராபரை யாரோ மண்டையில அடிச்சுட்டாங்க. அதான் விசாரிக்கிறோம்."

இன்ஸ்பெக்டருக்காக எடுத்து வந்த காபித் தம்ளர் ஆனந்தவள்ளியின் கையிலிருந்து நழுவி உருண்டது.

"பாயையா?! ஐயோ பெருமாளே! உசிரோட இருக்காரா?"

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. அந்தக் கண்ணீரை ரங்கநாதன் கண்டான். பிழைக்கும் வழியை மறந்தான்!

"அவனுக்காக அழறியா? என் எதிர்லயே அழறியா? நான் ஊர்ல இல்லாதப்போ மாடி வரைக்கும் வந்து படம் எடுத்துண்டு போனவனாச்சே!"



"எந்தப் படம் சார்?" என்றாள் வெள்ளையம்மாள் மெல்ல. "நான் படத்தைப் பத்திப் பேச்சே எடுக்கலையே?"

 

ஆனந்தவள்ளி கணவனை ஏறிட்டாள். கண்ணீர் நின்றிருந்தது.

"நீங்களா அடிச்சேள்?"

"அவன் இங்க வந்தானோல்லியோ?"

"யாரும் வரலை. நான் எடுத்தேன்."

"எ… என்னது?"

"அந்தக் கோபுரத்தை நான் எடுத்தேன். பாயோட வெப்சைட்ல இருக்கற ஸ்ரீரங்கம் படம் அத்தனையும் நான் எடுத்தது. அவரை நேர்ல பாத்ததுகூடக் கிடையாது. மெயில்ல அனுப்புவேன், போடுவார். 'எங்காத்துக்காரருக்கு மட்டும் தெரியப்படாது'ன்னு நான்தான் கேட்டுண்டேன்."

"ஏன் மறைச்சே?"

"கொலுவை நான் செல்போன்ல எடுத்த படம் நன்னாருக்குன்னு உங்க தம்பி சொன்னதுக்கே ஒரு வாரம் என்னோட பேசலையே! ஊரே என் படத்தை சேவ் பண்ணி வெச்சுக்கறது. எனக்கும் ஆசை இருக்காதா? நானும் ஒண்ணு சேவ் பண்ணி வெச்சுண்டேன்." இன்ஸ்பெக்டரை நோக்கித் திரும்பினாள். "அம்மா, நான் சொன்னது பொய். இவர் காத்தால வெளியே போயிட்டுத்தான் வந்தார்."

வெள்ளையம்மாளின் செல்போன் ஒலித்தது. கேட்டாள். முகம் மலர்ந்தது.

"பாய் கண்ணு முழிச்சுட்டாராம்! அடிச்சது யாருன்னு சொல்லிட்டாராம். படத்தை எடுத்தது யாருன்னு மட்டும் கேட்டுக்கேட்டுப் பாத்தும் சொல்ல மாட்டேங்கிறாராம்!"

ஏட்டு விலங்கை எடுத்தார்.

ரங்கநாதன் கைகளை நீட்டினான். உயிர் தப்பியவனைப் பற்றி ஒரு சொல் கேட்டானில்லை. அவன் நெஞ்சை அரித்தது வேறொன்று.

"எந்தக் கேமரால எடுத்தே?"

"உங்க பழசு. ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு பரண்ல போட்டேளே… அது."

அவன் முகம் கறுத்தது. விலங்கு பூட்டியபோது நேராத வலி அப்போதுதான் நேர்ந்தது.

வாசற்படியில் அவனை நிறுத்திவிட்டு ஏட்டு ஜீப்பின் கதவைத் திறக்கப் போனார். ஆனந்தவள்ளி உள்ளே போனாள். வந்தாள். கையில் கேமரா!

"கொஞ்சம் அப்படியே நில்லுங்கோ."

"அசடே! எதிர்வெளிச்சம்டி! என் மூஞ்சி கறுப்பாத்தான் விழும்!" என்று கத்தினான் ரங்கநாதன்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"விழட்டும்… பின்னாடி கோபுரம் நன்னா விழறது. பாக்கறவாளுக்கு அது போதும்!"