ரேடியேட்டரில் நிற்காத தண்ணீர்

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் லக்தர் அந்தக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சஹாராப் பாலைவன ஊரான திமிமூனின் செம்மண் சுவர்களுக்கு நடுவே, ஏறக்குறைய அதே நிறத்தில், நீளமான ஒரு பழைய பிரெஞ்சுக் கார். அத்ரார் நகரத்தில் ஏதோ கொட்டகையில் பல வருஷம் ஓடாமல் கிடந்ததாம்.

அவன் மனைவி தாவியா மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்து காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு வயசு உங்க வாப்பாவை விடக் கூடவா, குறைச்சலா?"

"சிரி, சிரி. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு அல்மனியாவுக்கு இதுலதான் ராணி மாதிரி போகப்போற."

"ராணியைத் தள்ளச் சொல்லாம இருந்தா சரி."

கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினாள். மழையே காணாத ஊர் அது. ஆனாலும் உள்ளே, காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் விழுந்தால் எழும் வாசனை அடித்தது. யாரோ சீட்டைக் கழுவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

லக்தருக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. ஆனால் ஒரு பானெட்டைத் திறந்து அதற்குள் குனிந்தால்தான் அவனுக்கு மூச்சு சீராக வரும். மறுநாள் காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தான். முந்தின சாயங்காலம் விளிம்புவரை ஊற்றிய தண்ணீர் விரலுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

பழைய கார் என்றால் இது சகஜம். ரப்பர் குழாய் வெடித்திருக்கும், மூடி தளர்ந்திருக்கும். குழாய்களை மாற்றினான். புது மூடி போட்டான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தான், ஒழுங்காகத் திறந்தது. ராத்திரி காருக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தான். விடிந்ததும் அட்டை அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை.

சினேகிதன் கத்தூரைக் கூட்டிவந்தான். கத்தூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரிகளைப் பழுது பார்ப்பவன். எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து புகையைப் பார்த்தான். எண்ணெய்க் கோலை உருவித் துடைத்துப் பார்த்தான். வாட்டர் பம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவினான். ஹீட்டருக்குக் கீழே இருந்த தரைவிரிப்பையும் அழுத்திப் பார்த்தான்.

"ஒழுகினா எங்கயாவது ஈரம் இருக்கணும். கேஸ்கெட் போயிருந்தா வெள்ளைப் புகை வரணும், இல்லை எண்ணெய் பால் காப்பி மாதிரி ஆகணும். ஒண்ணும் இல்லையே, லக்தர். வண்டி சுத்தமா இருக்கு."

"அப்ப தண்ணி எங்கடா போகுது?"

"யாராவது குடிச்சாத்தான் உண்டு. உன் பொண்டாட்டியைக் கேளு."

வீட்டுக்குள் இருந்து தாவியாவின் பதில் வந்தது. "உங்க கூட்டாளி போட்ட டீயைக் குடிச்சிட்டு நீங்க உயிரோட இருக்கீங்களே, அதைப் பத்தி யோசிங்க கத்தூரண்ணே!"

மூன்று பேரும் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விடியலுக்குச் சற்று முன், ரொட்டி மாவு பிசைய எழுந்த தாவியாவின் காதில் வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம் விழுந்தது. ஒரு மிடறு. ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு மிடறு. ஆடு அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டதோ என்று கதவைத் திறந்தாள். வாசலில் காரைத் தவிர ஒன்றும் இல்லை. சத்தம் நின்றிருந்தது. பிறகு நீளமான ஒரு பெருமூச்சு.

லக்தரிடம் சொன்னாள்.

"குழாயில காத்து அடைச்சிருக்கும். அப்படித்தான் சத்தம் வரும்."

"காத்துக்கு மூச்சு வாங்குமா?"

அவன் போய் மூடியை இன்னொரு தடவை இறுக்கினான். அன்று முதல் ரேடியேட்டரில் தண்ணீர் நின்றது. ஒரு வாரம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. புது மூடியால்தான் சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கிளம்பினார்கள். பின் சீட்டு முழுக்கத் தங்கையின் பட்டுத் துணிகள், மருதாணிப் பெட்டி, பேரீச்சம்பழக் கூடை. டிக்கியில் ஒரு பெரிய தண்ணீர்க் கேன். முன்னால் தாவியாவின் மடியில் குடிதண்ணீர் பாட்டில் ஒன்று.

வழியில் பாதியைத் தாண்டும்போது காற்று கிளம்பியது. முதலில் தார் ரோட்டின் மேல் மணல் பாம்பு பாம்பாக நெளிந்து ஓடியது. பிறகு வானமும் தரையும் ஒரே மஞ்சளாகிவிட்டன. ஓரிடத்தில் மணல்மேடு ஒன்று ரோட்டின் குறுக்கே நாக்கை நீட்டிக் கிடந்தது.

"திரும்பிடலாம்," என்றாள் தாவியா.

"சுத்திக்கிட்டுப் போயிடலாம். லாரிக்காரங்க போன தடம் இருக்கு பாரு."

தடத்தில் இறங்கினான். கொஞ்ச தூரத்தில் தடம் அழிந்தது. தார் ரோடு எந்தப் பக்கம் என்பதும் அதோடு அழிந்தது. போனில் சிக்னல் இல்லை. அப்போதுதான் வெப்பம் காட்டும் முள் மெல்ல எழுந்து சிவப்பைத் தொட்டது.

எஞ்சினை அணைத்தான். காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

சூடு தணியும்வரை காத்திருந்து, முகத்தில் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். ரேடியேட்டர் காலி. கேனைத் தூக்கிவந்து ஊற்றினான். அந்த ரேடியேட்டர் எவ்வளவு கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். பாதிக் கேன் போதும்.

பாதிக் கேன் போயிற்று. தண்ணீர் மேலே வரவில்லை.

இன்னும் ஊற்றினான்.

ரேடியேட்டரின் வாய்க்குள் குனிந்து பார்த்தான். உள்ளே இருட்டு. அந்த இருட்டில் தண்ணீர் சீராக இறங்கவில்லை. ஒரு மிடறு இறங்கியது. நின்றது. மறுபடி ஒரு மிடறு.

கேன் காலியானது.

ரேடியேட்டரின் வாயிலிருந்து ஒரு பெருமூச்சு அவன் முகத்தில் பட்டது. ஆவியில்லை. குளிர்ந்த காற்று. ஈரமண் வாசனை.

மூடியைப் போடாமலேயே காருக்குள் வந்து உட்கார்ந்தான். தாவியா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"தண்ணி தீந்துபோச்சு."

"எல்லாமா?"

தலையாட்டினான். மணல் கண்ணாடியை நகத்தால் பிறாண்டுவது போல் பிறாண்டியது. கடைசியில் அவன் சொன்னான்.

"ரோடு பக்கத்துலதான் இருக்கு. நான் நடந்துபோய் யாரையாவது கூட்டிட்டு வரேன். நீ வண்டியிலயே இரு. பாட்டிலைக் குடு, பாதியை நான் குடிச்சுட்டுப் போறேன்."

"இந்தப் புழுதியிலயா? பைத்தியமா உங்களுக்கு?"

"உக்காந்திருந்தா மட்டும் தண்ணி வந்துடுமா? பயப்படாத. சீக்கிரம் வந்துடறேன்."

பாதியைக் குடித்துவிட்டு பாட்டிலை அவள் மடியில் வைத்து, கதவைத் திறந்து இறங்கினான். சில எட்டுகளிலேயே மஞ்சள் அவனை விழுங்கிவிட்டது.

தாவியா கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த குர்ஆன் சூராக்களை உதடு அசையாமல் ஓதினாள்.

பின் சீட்டில் பட்டுத்துணி சரசரத்தது.

கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. காற்று உள்ளே வர வழியில்லை.

காதுக்குப் பின்னால், வறண்டு வெடித்த உதடுகளிலிருந்து வருவது போல் ஒரு கிசுகிசுப்பு.

"போனா வரமாட்டான்."

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது.

அந்தக் கணம் ஹாரன் அலறியது.

விட்டுவிட்டு அல்ல, ஒரே நீளமாக. புழுதிக்குள் நடந்துகொண்டிருந்த லக்தர் தூக்கிவாரிப்போட்டு நின்றான். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது. சத்தம் வந்த திசையில் ஓடினான்; சத்தம் இல்லாவிட்டால் கார் இருந்த இடமே அவனுக்குத் தெரிந்திருக்காது.

"ஏன் அடிக்கிற? என்னாச்சு?"

தாவியா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர்.

"நான் அடிக்கல."

ஸ்டியரிங்கைத் தட்டினான். பானெட்டைத் திறந்து ஹாரனுக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. எங்கோ வயர் உரசிக்கொண்டிருக்கிறது, பேட்டரியைக் கழற்றினால் நின்றே ஆக வேண்டும். ஸ்பானரை எடுத்து, பேட்டரி முனையைக் கழற்றித் தூர வளைத்தான்.

ஹாரன் நிற்கவில்லை.

கழற்றிய முனையைக் கையில் பிடித்தபடியே நின்றான். வருஷக்கணக்காக வண்டிகளைப் பற்றி அவன் கற்றதெல்லாம் அந்தச் சத்தத்தில் கரைந்துபோயிற்று.

"உள்ள வாங்க," என்று தாவியா கத்தினாள். "வந்து உக்காருங்க! அதுக்கு நீங்க போறது பிடிக்கல!"

வந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான்.

சத்தம் நின்றது.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள், அழுது முடித்த குழந்தை மாதிரி விட்டுவிட்டு.

லக்தர் அவள் கையைப் பிடித்தான். அவன் கை அவளுடையதைவிடக் குளிர்ந்திருந்தது. அவள் மெல்ல அந்தக் கையை விலக்கிவிட்டு பாட்டிலைத் திறந்தாள். பாட்டிலின் மேல் கவிழ்த்திருந்த தம்ளரில் நிறைய ஊற்றினாள்.

"என்ன செய்யற? இருக்கறதே அவ்வளவுதான்!"

"சும்மா இருங்க."

திரும்பாமலேயே தம்ளரைத் தோளுக்கு மேலே பின்பக்கம் நீட்டினாள். தளும்பிய தண்ணீர் விரலில் வழிந்தது.

"நாங்க எங்கயும் போகல," என்றாள் சின்னக் குரலில். "குடி. எங்களுக்கும் கொஞ்சம் வை."

தம்ளர் அவள் கையிலிருந்து எடுக்கப்பட்டது. பிடுங்கப்படவில்லை. மரியாதையாக எடுக்கப்பட்டது.

சற்று நேரம் கழித்து, காலியாகத் திரும்ப வைக்கப்பட்டது.

அதன்பின் இருவரும் அசையவில்லை. காற்று தளர்ந்து, புழுதி படியத் தொடங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. முதலில் தெரிந்தது ஒரு மின்கம்பம். பிறகு அடுத்தது. அந்த வரிசைக்குக் கீழே தார் ரோடு கறுப்பாக, கூப்பிடு தூரத்தில்.

அவர்களுக்குப் பின்னால்.

லக்தர் நடந்துபோன பக்கத்தில் மணல்மலைகளைத் தவிர ஒன்றுமே இல்லை. வானத்தைத் தொடும்வரை ஒன்றுமே இல்லை.

அவன் இறங்கிப் பேட்டரியை மாட்டினான். ரேடியேட்டரை மூடப் போனபோது தண்ணீர் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். கிணற்றுத் தண்ணீர் போல் ஜில்லென்றிருந்தது.

கார் முதல் சாவியிலேயே கிளம்பியது.

ரோட்டோரக் காப்பிக் கடையை அடைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கடைக்காரர் ஜல்லூல், பெரியப்பா முறையில் எல்லோரும் 'அம்மி' என்று கூப்பிடும் கூன் விழுந்த கிழவர், தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தவர் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதை எங்க பிடிச்ச, மகனே?"

"அத்ரார்ல. ஏன் அம்மி?"

கிழவர் அவர்களை உள்ளே உட்கார வைத்து, அவர்கள் குடித்து முடித்த பிறகு சொன்னார்.

"ரொம்ப வருஷம் முன்னால, இந்த வண்டியில அண்ணன் தம்பி ரெண்டு பேரு. வண்டி மணல்ல நின்னுபோச்சு. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன், நீ வண்டியிலயே இருன்னு பெரியவன் சொல்லியிருக்கான். தண்ணியையும் எடுத்துட்டுப் போயிட்டான். அவன் காலடி மணல்மலைப் பக்கம் போயிருந்தது. ஆளு இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல."

"தம்பி?" என்றாள் தாவியா.

"பின் சீட்டுல இருந்தான். நாங்கதான் எடுத்தோம். சின்னப் பையன்மா. ரேடியேட்டர்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அவன் வாயைச் சுத்தித் துரு."

தாவியா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லக்தர் சாவியை மேஜைமேல் வைத்தான். "இதை இங்க விட்டுட்டுப் போகலாமா, அம்மி? யார் கிட்டயும் விக்க எனக்கு மனசு வரல."

"விடு. தினமும் ரெண்டு வாளி ஊத்திடறேன். எனக்குப் பெரிய கஷ்டம் இல்ல."

அன்றிரவு கடையிலேயே படுத்தார்கள். காலையில் அல்மனியா பஸ் வந்தது. மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். கிளம்பும்போது லக்தர் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தான். பின் சீட்டு காலியாக இருந்தது. மனம் முதல்முறையாக இறங்கி அமர்ந்தது போல் இருந்தது. சாய்ந்து தூங்கிப்போனான்.

நடுப்பகலில் பஸ் ஒரு ஊரில் நின்றது. எல்லோரும் தொழவும் சாப்பிடவும் இறங்கினார்கள். தாவியா ரொட்டி வாங்க முன்னாலேயே போய்விட்டிருந்தாள். பஸ்ஸில் கடைசியாக இருந்தவன் லக்தர்தான். சோம்பல் முறித்து எழுந்து நடைபாதையில் ஒரு எட்டு வைத்தான்.

சட்டையின் கையை யாரோ பிடித்தார்கள்.

இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

கம்பியில் மாட்டியிருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். அங்கே கம்பி எதுவும் இல்லை. துணியில் ஐந்து ஈர விரல்கள் பதிந்திருந்தன. மெலிந்த, சின்ன விரல்கள். ஈரம் மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

வெளியே வெயிலில் நின்று தாவியா கையாட்டினாள். "வாங்க, ரொட்டி சூடா இருக்கு! இறங்குங்க!"

அவன் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"நீ மேல வா, தாவியா," என்றான். "நான் எங்கயும் போகல."

சீட்டுக்குத் திரும்பி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.