வழுக்காத செருப்பு

குமிழி நிற்கவே இல்லை. கேம்பர் வேனின் பின்சக்கரத்தருகே ஈரச் சரளையில் மல்லாந்து கிடந்த சிரில், புதுப் பிரேக் எண்ணெய் டப்பாவை இன்றுதான் உடைத்து ஊற்றியிருந்தான். ஆனாலும் சக்கரத்தின் பிரேக் திருகைத் தளர்த்தியதும் குழாய் வழியே வந்த எண்ணெய் கறுத்து, நுரைத்து, மூடுபனியிலும் மூக்கில் ஏறும் கருகல் வாடையோடு போத்தலில் இறங்கிக்கொண்டிருந்தது.

பிரேக்கில் சிக்கிய காற்றை வெளியேற்ற உள்ளே பெடலை மிதிப்பவன் பக்கத்து வீட்டு ஆலேஷ். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக வேனை வாங்கப்போகிறவன். எல்லோரையும்போல பூட்ஸைப் படியருகே கழற்றிவிட்டுத்தான் ஏறினான்.

"வெறும் சாக்ஸ்தான்பா போட்டிருக்கேன், பயப்படாதே. செருப்புன்னா வழுக்கும்."

அது சிரிலே கட்டிவிட்ட கதை. மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் இதே வேன் பாறையில் மோதி, ஓட்டிவந்த அவன் மனைவி நிவெஸ் இறந்தபோது, பின்கட்டிலில் தூங்கிய அவன் பிழைத்துக்கொண்டான். அவளுடைய கம்பளிச் செருப்பு வழுக்கியதாகப் போலீசிடம் சொன்னான். வீட்டுச் செருப்போடு ஓட்டாதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று அவள் தங்கையே அழுதாள். பல வருடம் திறந்து கிடந்து ஈரம் குடித்த எண்ணெய் இறக்கத்தில் சூடேறிக் கொதித்துப் பிரேக்கைக் கைவிடும் என்று தெரிந்தும், மிச்சம் பிடிக்க அதையே ஊற்றியவன் அவன். அந்தச் சிவப்புச் செருப்பை அடுப்பில் எரித்தவனும் அவன்தான். பாவி.

சூப் ஆறிப்போகும் என்று வீட்டில் கூப்பிட, சாப்பிட்டு வருவதாகச் சொல்லி ஆலேஷ் இறங்கினான். சிரில் திருகை இறுக்கினான். பூட்ஸ் சரளையில் நடந்து வேலிக்கு அப்பால் போவதைப் படுத்தபடியே பார்த்தான்.

மேலே, வேனின் தரையில் இரண்டு தட்டல்.

பெடலை மிதித்துப் பிடித்ததும் நிவெஸ் அப்படித்தான் தட்டுவாள். கத்த அவளுக்குச் சோம்பல். பழக்கதோஷத்தில் அவன் கை திருகைத் தளர்த்தியது.

எண்ணெய் வந்தது. சூடாக.

திருகை இறுக்கப் பார்த்தான். விரல் வழுக்கியது.

"ஆலேஷ்?"

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், சிரில்." களைத்த பெண்குரல். "அன்னைக்கும் விடலையே. செருப்பு எங்க வழுக்குச்சு?"

எழுந்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தான்.

இருக்கையில் யாரும் இல்லை. பெடல் அடிவரை இறங்கியிருந்தது. அதன்மேல், விளிம்பு கருகிய சிவப்புக் கம்பளிச் செருப்பு. கால் நுழைந்ததுபோல் உப்பி, இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.