தலைகீழாய்த் தொங்கிய மலை

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவதற்குள் இராமலெட்சுமியை மூன்று இராணுவச் சாவடிகளில் இறக்கிச் சோதித்திருந்தார்கள். துப்பறிவாளர் பூபாலசிங்கம் கொடுத்த தேநீரை அவள் தொடவே இல்லை.

"ஏழு மாசமா நான் படிச்ச படத்த யாரோ கிழிச்சு எடுத்திட்டுப் போய்ட்டாங்க சார். இப்ப எங்க ஆபீஸ் மூத்த அதிகாரி ஸ்ரனிஸ்லாஸ், தானே மலையில நடந்து வெடிப்பக் கண்டுபிடிச்சேன்னு அறிக்கை குடுத்திட்டாரு. அத என் கண்ணுலகூடக் காட்டல."

அது விண்கலத்திலிருந்து ராடார் எடுத்த படம். மேகமும் இருட்டும் ராடாருக்கு ஒரு பொருட்டல்ல. கதிர்களை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து மலையை வரைந்துவிடும். ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வசிக்கும் லயங்களுக்கு மேலே மலை வெடித்திருப்பதை அவள் அதில்தான் கண்டாள். நாளைக் காலை, அறிக்கை சொல்லும் இடத்துக்கு அறுபது குடும்பங்கள் மாறவேண்டும்.

"அந்தாள்தான் கள்ளன், ஸேர்!" என்றார் ஷிப்லி. ஃபோட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டு உதவியாளராக வந்த நாற்பது வயது அவசரக்குடுக்கை அவர். "பொறாமையில வெந்து போயிருக்கார்."

"பொறாமைக்கு விலங்கு போடேலாது. அத்தாட்சி வேணும்."

இராமலெட்சுமியின் கொட்டாஞ்சேனை அலுவலகச் சுவரில் படத்தின் ஓரங்கள் மட்டும் ஊசிகளில் தொங்கின. வடக்கைக் காட்டும் அம்பு தரையைப் பார்த்தது.

"தலைகீழாக் குத்தி வெச்சிருக்கு!" என்று சிரித்தார் ஷிப்லி.

பூபாலசிங்கம் சிரிக்கவில்லை. "ராடார் எந்தப் பக்கமிருந்து பார்த்தது, பிள்ளை?"

"தெக்கால இருந்து சார்."

அவர் ஸ்ரனிஸ்லாஸின் அறிக்கையை அலுவலகத்தில் கேட்டு வாங்கி வாசித்தார். பிறகு ஸ்ரனிஸ்லாஸை அழைத்தார்.

"சனத்தைக் கோயிலுக்கு வடக்கே இருக்கிற மேட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறீங்கள். அதில ஏறினீங்களோ?"

"ஓம், ரெண்டு தரம்."

இராமலெட்சுமி எழுந்துவிட்டாள். "மேடா? அது பள்ளம் சார்! மலை சரிஞ்சா மண்ணு முழுக்க அங்கதான் வந்து விழும்!"

"எங்கட கண், வெளிச்சம் மேலயிருந்து வருதெண்டுதான் எப்பவும் நினைக்கும்," என்றார் பூபாலசிங்கம் நிதானமாக. "இந்தப் படத்தில வெளிச்சம் தெற்குச் சரிவில. வடக்கை மேல பிடிச்சுப் பார்த்தா மலை பள்ளமாத் தெரியும், பள்ளம் மலையாத் தெரியும். அதாலதான் பிள்ளை தலைகீழாக் குத்தினவ. நடந்து போனவருக்கு இந்தப் பிழை வராது. படத்தைக் கிழிச்சுக்கொண்டு போய், நிமிர்த்திப் பார்த்தவருக்குத்தான் வரும்."

ஸ்ரனிஸ்லாஸ் பையைத் திறந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இருபத்திரண்டு வருசம் அட்டை கடிக்கக் கடிக்க மலை ஏறினனான். இவ ஒஃபிஸ் கதிரையில இருந்துகொண்டு கண்டுபிடிச்சிட்டா. எல்லாரும் இவவுக்குக் கைகொடுத்த அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை."

"அட்டை என்னையும் கடிச்சிருக்கு சார். நான் பொறந்தது அந்த லயத்துல. அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க." அவள் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினாள். "தோட்டத்துக்கு நீங்களே பேசுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. உங்க பேருக்குத்தான் அங்க மதிப்பு."

அவர் இலக்கங்களைச் சுழற்றினார்.

"ஸ்ரனிஸ்லாஸ் கதைக்கிறன். சனத்தை அனுப்பாதேங்கோ, என்ர அறிக்கை பிழை." இராமலெட்சுமியை நிமிர்ந்து பார்த்தார். "வெடிப்பைக் கண்டுபிடிச்சது நானில்லை. ஆரெண்டால்... பொறுங்கோ, அவவிட்டயே குடுக்கிறன்."