முதல் குரலுக்குத் திறந்த கதவு

கதவுகள் திறப்பதைக் குறித்து வைக்கும் லாக் என்ற குறிப்பேட்டில் மாலை 6.41க்கு விழுந்த வரியில், மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

வேல்பாண்டி கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தான். வீடு: வெள்ளைத்தாய், முடங்கியார் ரோடு. குரல்: வீரணன். கூப்பிட்டது: 1. கதவு: திறந்தது.

வெளியே ஐப்பசி மழை, வாங்கவும் செய்யாமல் போகவும் செய்யாமல் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆளைப்போல, அடித்துப் பெய்யாமலும் விட்டுத் தொலைக்காமலும் நின்றுகொண்டிருந்தது. கீழே பேண்டேஜ் துணி குடோனிலிருந்து பிளீச்சிங் வாடை ஈரத்தோடு சேர்ந்து மாடிப்படி ஏறி வந்தது. கதவு மாட்டும் வேலை பார்க்கும் கருத்தப்பாண்டி ரெயின்கோட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, வாரியா இல்லயா? மழ விட்டுட்டா பஸ்ஸுல நிக்க எடம் இருக்காது."

"இத செத்தப் பாரு. வெள்ளைத்தாய் வீட்டுக் கதவு ஒரு தடவைக்கே திறந்திருக்கு."

"திறக்கலைன்னா அவிய போன் பண்ணுதாக, திறந்தா நீ பொலம்புத. கதவுன்னா திறக்கத்தாம்லே செய்யும்."

"மூணு தடவ கூப்பிட்டாத்தான் திறக்கணும்."

"உன் மிசின் எண்ணாம விட்டிருக்கும். வளத்தவன் மாதிரித்தான இருக்கும்." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். படியில் அவனுடைய செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கியதும், சர்வரின் விசிறி மட்டும் மிச்சமிருந்தது.

அவர்கள் விற்பது குரல் கேட்டுத் திறக்கும் கதவு. வீட்டார் குரலைப் பதிந்து வைத்துவிட்டால் போதும். வெளியே நின்று கூப்பிடும்போது அந்தக் குரல் இந்த ஆபீஸ் சர்வருக்கு வரும். இங்கே தூங்காமல் காது கொடுத்துக்கொண்டிருக்கும் டீமன் என்கிற நிரல், யார் குரல் என்று பார்த்துத் தாழை விடும். கை நிறையத் துணிக்கட்டோடு வருகிறவர்கள் சாவி தேட வேண்டாம். நாற்பத்திரண்டு வீட்டார் வாங்கியிருந்தார்கள்.

விற்கப் போன இடங்களில் நடந்த பேரம்தான் வேடிக்கை. எல்லாவற்றிலும் இறங்கி வந்தவர்கள் ஒன்றில் மட்டும் அசையவில்லை. இருட்டின பிறகு ஒரு தடவை கூப்பிட்டால் ஏன் என்று கேட்கவும் கூடாது, திறக்கவும் கூடாது, இரண்டுக்கும் கூடாது, மூன்றாவதுக்குத்தான். மில் மேனேஜர் சொன்னார். டாக்டரம்மா, யார் காதிலும் விழாமல், அதையே சொன்னார். வேண்டியவர் குரலில் வந்து ஒரே தடவை கூப்பிடுவது எது என்று யாரும் விளக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நாய்க்குட்டி வாங்கப் போனால் பாதி விலைக்கு இறக்கிவிடும் ஊர், அந்த மூன்றில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

அப்போது கூட்டாளியாக இருந்த நம்பி, இப்போது பெங்களூரில் இருப்பவன், சிரித்துக்கொண்டே அதைக் கோப்பில் ஏற்றினான். பழைய யூனிக்ஸ் பாணிக் கோப்பு. வீட்டுக்கு ஒரு பதிவு. பெயர், ஒரு நிமிர்ந்த கோடு, மறுபெயர். பிறகு முக்காற்புள்ளி வைத்துப் பிரித்த அந்த வீட்டுச் சங்கதிகள். வரி போதாவிட்டால் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு அடுத்த வரிக்குப் போகலாம். எல்லாப் பதிவுக்கும் கடைசி வரி ஒன்றே: tc=பொது. மிச்சத்தைப் பொது என்ற பதிவில் போய்ப் பார்த்துக்கொள் என்று பொருள். மூன்று என்ற எண் அந்த ஓரிடத்தில்தான் இருந்தது.

கோப்பைப் படிக்கும் பகுதியைப் போன வாரம் வேல்பாண்டி சி என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதியிருந்தான். நம்பி எழுதியது ஆயிரத்து இருபத்து நாலு எழுத்துக்கு மேல் தாங்காது; ஒரு கூட்டுக் குடும்பத்தில் பத்தொன்பது குரல் சேர்ந்ததும் கடைசி மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். புதியது எவ்வளவு நீளமானாலும் படிக்கும். எண்ணே கிடைக்காத பதிவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும். யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

சோதித்தும் பார்த்தார்கள். கருத்தப்பாண்டி இரண்டு வீட்டில்; வேல்பாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் தன் வீட்டில். இருட்டில் வாசலில் நின்ற ஒவ்வொருவரும் மூன்று தடவை ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டுத்தான் கதவில் கை வைத்தார்கள். பேசப் பழகிய நாளிலிருந்து பழகிய வாய். கதவு திறந்தது. லாக்கைப் பார்க்காமலே சரி என்று குறித்துக்கொண்டார்கள்.

உள்ளே நின்று ஒவ்வொரு விரலாக நீட்டி எண்ணிக்கொண்டிருந்த மகள் மாரிக்கனி மட்டும், "அப்பா, ஒண்ணுலயே டொக்குன்னு கேட்டுச்சு" என்றாள். ஏழு வயது.

"உனக்கு எண்ணத் தெரியலட்டி."

அது இப்போது நினைவுக்கு வந்தது. அவன் போனை எடுத்து வெள்ளைத்தாயைக் கூப்பிட்டான்.

"யய்யா, சொல்லு." குரலில் சந்தோஷம் ததும்பியது. "வீரணன் வந்திருக்கான்யா. காஷ்மீர்ல லீவே குடுக்கலன்னு நேத்துக்கூடப் போன்ல சொன்னான். இன்னைக்கு சொல்லாம கொள்ளாம வாசல்ல நிக்கான்."

"எத்தன தடவம்மா கூப்பிட்டாரு?"

"ஒரு தடவதான். அம்மான்னான். இன்னும் ரெண்டு கூப்பிடட்டும்னுதான் நானும் இருந்தேன். உங்க கதவு அதுக்குள்ள திறந்திருச்சு. சரி, பெத்த பிள்ள நனைஞ்சு நிக்கானேன்னு ஏன்னுட்டேன்."

"இப்ப என்ன பண்ணுதாரு?"

"இலை முன்னால உக்காந்திருக்கான். திங்கவும் மாட்டேங்கான், பேசவும் மாட்டேங்கான். தலைய எம்புட்டுத் துடைச்சாலும் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. இந்தா, நீயே பேசு."

போன் கைமாறும் சரசரப்பு. பிறகு மழைச் சத்தம். வீட்டுக்கு வெளியே பெய்யும் மழையின் சத்தமாக அது இல்லை. போனைக் காதில் வைத்திருக்கும் ஆளின் வாய்க்குள் பெய்வதைப்போல, தொண்டையின் வளைவில் மோதி எதிரொலித்து, நெருக்கமாக, வெதுவெதுப்பாகக் கேட்டது.

"வேல்பாண்டி."

முதல் பாதி வீரணனின் குரல். கடைசி இரண்டு எழுத்து வேல்பாண்டியின் சொந்தக் குரல்.

"ம்" என்றான்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், ஒற்றைக் கூப்பிடலுக்குப் பதில் கொடுத்துவிட்டது உறைத்தது. மறுமுனையில் போன் தரையில் விழுந்தது. வெகு தூரத்திலிருந்து வருவதுபோல வெள்ளைத்தாயின் குரல்: "ஏலே, எங்கலே போற, மழையில?"

திரையில் அடுத்த வரி விழுந்தது. 6.58. வீடு: டாக்டரம்மா, பழைய பஸ் ஸ்டாண்டு. குரல்: வேல்பாண்டி. கூப்பிட்டது: 1. கதவு: திறந்தது.

அவன் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இங்கேதான் இருக்கிறான். சர்வீஸுக்கு வசதியாக இருக்கட்டும் என்று எல்லா வீட்டுப் பதிவிலும் தன் குரலை அவன்தான் சேர்த்திருந்தான். நாற்பத்திரண்டு கதவுக்கும் அவன் குரல் சொந்தக்காரன் குரல்.

டாக்டரம்மா போனை எடுக்கவில்லை.

7.04. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு வீடு. குரல்: வேல்பாண்டி. 1. திறந்தது.

7.07. அதே ரோட்டில், ஆறு கிலோமீட்டர் தள்ளி. 1. திறந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் எட்டிப் பார்த்துவிட்டு, இது இல்லை என்று அடுத்த வீட்டுக்குப் போவதுபோல இருந்தது. பதினேழு நிமிடம், ஆறு, மூன்று. அந்த ரோடு எங்கே போய் முடிகிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மனைவி மாரீஸ்வரிக்குப் பால்கோவா கடையில் எட்டு மணிவரை வேலை. வேலை நேரத்தில் போன் முதலாளியின் மேசை டிராயருக்குள் கிடக்கும். கனி வீட்டில் தனியாக இருந்தாள்.

டீமனைக் கொன்றுவிடலாம் என்று கை போனது. நின்றது. டீமன் செத்தால் நாற்பத்திரண்டு கதவும் திறந்துகொள்ளும். தீப்பிடித்தால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவன் தானே பெருமை பேசி விற்ற வசதி.

கோப்பைத் திறந்தான். எடிட்டர் திரை முழுவதையும் மூடியது. லாக் அதன் பின்னால் மறைந்தது. வெள்ளைத்தாய், நிமிர்ந்த கோடு, முடங்கியார் ரோடு. எல்லாம் சரியாக இருந்தது. சாய்கோடு. அடுத்த வரி. tc=பொது. இருக்கிறதே, பிறகு ஏன்? நகரும் குறியை வரியின் கடைசிக்குக் கொண்டுபோனான். சாய்கோட்டைத் தாண்டி இன்னும் ஓர் இடம் தள்ளிப் போய் நின்றது. ஒரு வெற்று இடம். கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி. நம்பியின் நிரல் அதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அவனுடையது, சாய்கோட்டுக்குப் பின்னால் என்னவோ இருக்கிறதென்று, பதிவு முடிந்ததாக எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டிருக்கிறது. கீழே இறங்கினான். டாக்டரம்மா பதிவிலும் காலி. மில் மேனேஜர் பதிவிலும். அவன் வீட்டுப் பதிவிலும்.

பொது என்ற பதிவை ஒரு வாரமாக யாரும் படிக்கவில்லை.

விரல்கள் வழுக்கின. எல்லா வரியின் வாலையும் ஒரே கட்டளையில் நறுக்கினான். சேமித்தான். மறுபடி படி என்று டீமனுக்குச் சொன்னான். பொது: மூன்று. நாற்பத்திரண்டு வீட்டுக்கும் மூன்று. நெற்றியிலிருந்து வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. மணி 7.12.

போன் நாலு முறை அடித்துத்தான் கனி எடுத்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"உள்ரூம்ல ஹோம் ஒர்க் எழுதுதேன். மழைல டிவி வரல."

"வாசக்கதவுக்கு மேல் தாப்பா இருக்குல்லா, அதப் போடு. கதவு தானா திறந்தாலும் தாப்பா திறக்காது. ஆரு கூப்பிட்டாலும் திறக்காத. நானே கூப்பிட்டாலும் திறக்காத."

"நீங்களே கூப்பிட்டாலுமா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மூணு தடவ கூப்பிட்டாலும்?"

"மூணு தடவ கூப்பிட்டாலும். ஓடு."

சின்னக் கால்கள் ஓடும் சத்தம். ஸ்டூலை இழுக்கும் சத்தம். இரும்பில் இரும்பு உரசி, டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவனுக்கு உயிர் வந்தது. எடிட்டரை மூடினான்.

"போட்டுட்டேன்ப்பா" என்றாள் கனி. "கதவு லேசா திறந்து கெடந்துச்சு. சாத்திட்டுப் போட்டேன்."

எடிட்டர் மறைந்த இடத்தில் லாக் தெரிந்தது. கடைசி வரி. 7.10. வீடு: வேல்பாண்டி, மடவார்வளாகம். குரல்: வேல்பாண்டி. கூப்பிட்டது: 1. கதவு: திறந்தது.

"அப்பா, இங்கன ஒரே ஈரம். கால் தடமா இருக்கு. அம்மா வந்துட்டாளா?"

"கனி. தாப்பாளத் திற. வெளிய ஓடு."

"இப்பத்தான போடச் சொன்னீங்க."

"திறட்டி."

அப்போது கேட்டது. போனுக்குள், அவளுக்குப் பின்னால், சமையலறைப் பக்கமிருந்து. அவன் தினமும் கூப்பிடும் அதே இழுப்பில், அதே செல்லத்தில், ஒரே ஒரு தடவை.

"கனீ."

"பதில் சொல்லாத," என்றான். "கனி, பதில் சொல்லாத."

ஆனால் அவள் ஏற்கெனவே போனைக் காதிலிருந்து எடுத்திருந்தாள்.

"என்னப்பா?" என்றாள், அந்தப் பக்கம் திரும்பி.

பன்னிரண்டு கிலோமீட்டர். ஆபீஸ் சர்வீஸ் பைக்கின் வெளிச்சத்தில் மழை ஊசியூசியாக வந்து முகத்தில் ஏறியது. ரோட்டோரம் இரண்டு வீடுகளின் கதவுகள் ஆள் நடமாட்டமின்றி ஆவென்று திறந்து கிடந்தன. எதற்குள்ளும் விளக்கு இல்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மடவார்வளாகத்தில் தெரு விளக்கு எரிந்தது. அவன் வீட்டிலும் எரிந்தது.

"கனி." கதவின் சின்னப் பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கியது. "கனி." இரண்டு. "கனி."

டொக். கதவு விட்டது. உள்ளே கனி போட்ட மேல் தாழ்ப்பாள் விடவில்லை. தோளால் இடித்தான். பலகை அசைந்தது. இரும்பு அசையவில்லை.

பக்கத்து ஜன்னலுக்கு ஓடினான். கம்பிக்குப் பின்னால் திரை ஒரு சாண் விலகியிருந்தது.

கனி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நோட்டு திறந்திருந்தது. எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் இன்று காலையில் போட்டுக்கொண்டு வந்த அதே கட்டம் போட்ட சட்டையில் ஒருவன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாற்காலிக்கடியில் குளமாகத் தேங்கியிருந்தது.

"கனி" என்றான் வேல்பாண்டி. முகத்தைக் கம்பியில் அழுத்தினான். "கனி. கனி."

அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டிருக்கிறாள். வலது கையை மேசை மேல் வைத்து ஒவ்வொரு விரலாக நீட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்று விரலையும் எதிரே இருந்தவனிடம் காட்டினாள்.

எதிரே இருந்தவனின் கை மெதுவாக நீண்டது. வேல்பாண்டியின் கல்யாண மோதிரம் அந்த விரலில் இருந்தது. மூன்றாவது விரலைப் பிடித்து மடக்கியது. இரண்டாவதை மடக்கியது.

கனி தன் கையில் மிச்சமிருந்த ஒற்றை விரலைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு, எழுந்து வந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.