பையில் இல்லாத துண்டு

காலை ஒன்பதரை மணிக்கு, ராஜபாளையத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் இன்சூரன்ஸ் மேஜையில் திருட்டு வெளிச்சத்துக்கு வந்தது. களவு போனது நகையல்ல, மூன்று வருடக் காத்திருப்பு.

"சார், இந்தப் பாலிசி தை மாசத்தோட போச்சு" என்றாள் மேஜையில் இருந்த பெண். "மூணு வருசம் கட்டி முடிச்சாத்தான் பிரசவச் செலவு கிடைக்கும். நீங்க முடிச்சுட்டு, நாலாவதைக் கட்டாம விட்டிருக்கீங்க. இப்பக் கட்டுனா மறுபடியும் முதல்ல இருந்துதான்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பாண்டிச்செல்வம் மருமகனின் பாலிசி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே கிடப்பது அவருடைய ஒரே மகள் முனீஸ்வரி. தாயில்லாப் பிள்ளை. ஏழாம் மாதத்திலேயே ரத்தக்கொதிப்பு எகிறிவிட்டது. இன்றே பிள்ளையை எடுத்து, வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றிருந்தார் டாக்டரம்மா. பாலிசி இல்லையென்றால் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிதான் கதி. அவ்வளவு தூரம் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆம்புலன்ஸ் வரச் செத்த நேரம் ஆகும் என்றார்கள். கையைப் பிசைந்துகொண்டு நிற்க அவருக்குத் தெரியாது. விசாரிக்கத்தான் தெரியும். மருமகன் வல்லரசுவைப் பிடித்தார்.

"பணத்தை யார்ட்ட குடுத்திய?"

"லாரியில குஜராத்துக்குப் போகையில அலமாரியில வச்சுட்டுப் போனேன் மாமா. வருசா வருசம் ஏஜெண்டு வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடுவாரு."

"வீட்டுல யாரு இருந்தா?"

"அம்மாவும் முனீஸ்வரியுந்தான்."

ஏஜெண்டு ஐயாதுரை போனில் பதறினார். "வரவான்னு கேட்டு வீட்டுப் போனுக்குத்தான் சார் அடிச்சேன். பொம்பளைக் குரல். 'இந்த வருசம் வேண்டாம், வராதிய'ன்னு வச்சுட்டாவ."

"வயசான குரலா, சின்னப் பிள்ளையா?"

"நாலு வார்த்தையில என்னத்தக் கண்டேன்?"

வல்லரசு தன் தாய் வெள்ளத்தாயின் மேல் பாய்ந்தான். "நீதான? தலைப்பிரசவம் பொண்ணு வீட்டுச் செலவு, நாம எதுக்குக் கட்டணும்னு அன்னைக்கே மொனங்குனவதான நீ?"

அவள் ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். பாண்டிச்செல்வத்துக்கும் அவள் மேல்தான் சந்தேகம். காரணமும் இருக்கிறது, குரலும் பொருந்துகிறது. வேறென்ன வேண்டும்?

அப்போது நர்ஸ் எட்டிப் பார்த்து மாற்று நைட்டி கேட்டாள். முனீஸ்வரி தன் கையாலேயே அடுக்கி எடுத்து வந்த பையை அவர் திறந்தார். நைட்டி, சீப்பு, பிளாஸ்க், திருநீற்றுப் பொட்டலம். அவ்வளவுதான். பிள்ளைக்கென்று ஒரு கந்தல் துணிகூட இல்லை.

அவர் திரும்பினார். "அந்தப் பையில என்ன தங்கச்சி?"

"பிள்ளைக்குத் துண்டுண்ணே" என்றாள் வெள்ளத்தாய். "வளைகாப்பு முடிஞ்சதுமே வாங்கிட்டேன். அவ தொடக்கூட மாட்டேனுட்டா. பிறக்கட்டும் அத்தைன்னா."

பாண்டிச்செல்வம் நைட்டியை எடுத்துக்கொண்டார். தனியாக உள்ளே போய் மகள் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, போன்ல வேண்டாம்னது நீதான?"

முனீஸ்வரி கண்ணைத் திறந்தாள்.

"பிறக்குமுன்ன பிள்ளைக்கு எதுவும் வாங்கிவைக்கக் கூடாதுங்கிற பயம் உங்க அத்தைக்குக் கிடையாது, உனக்குத்தான் இருக்கு. ஒரு துண்டுக்கே பயந்தவ, வயித்துல தங்குமுன்ன பிரசவத்துக்குப் பணம் கட்ட விடுவியா?"

"மூணு வருசம் கட்டுனோம்ப்பா. ஒண்ணும் தங்கல. பிள்ளை வரதுக்கு முன்னயே கட்டுறதாலதான் ஆத்தா குடுக்க மாட்டேங்கான்னு தோணிச்சு. பணத்தை அவ கோயில் உண்டியல்லயே போட்டேன். பங்குனியில தள்ளிப்போச்சுல்லா?" அவள் முகத்தில் இன்னமும் அந்தச் சந்தோஷம் இருந்தது. "நான் செஞ்சது சரிதானப்பா?"

எத்தனையோ களவாணிகளை உலுக்கியெடுத்த மனுஷன், மகள் நெற்றியைத் தடவிவிட்டு வெளியே வந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு மாமா?" என்றான் வல்லரசு.

வெள்ளத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். மருமகளோடு ஒரே வீட்டில் இருந்தவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அவுகள என்னலே கேக்க? நான்தான் வேண்டாம்னேன்."

"ஆம்புலன்ஸ்ல நீ ஏறப்பிடாது. இனி என் மூஞ்சியிலயும் முழிக்காத" என்றான் மகன்.

பொய்யென்று தெரிந்தும் பாண்டிச்செல்வம் தன் ஆயுளில் ஏற்றுக்கொண்ட வாக்குமூலம் அது ஒன்றுதான். அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. மருமகன் பார்த்துக்கொண்டிருந்ததால் கும்பிடவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ், பிள்ளையின் துடிப்பு கேட்கும் கருவியை முனீஸ்வரியின் வயிற்றில் வைத்தாள். நகர்த்தி வைத்தாள். வெகுநேரம் தேடினாள். பிறகு பக்கத்தில் இருந்த பாண்டிச்செல்வத்தின் முகத்தைப் பார்க்காமல் கருவியை எடுத்து உறைக்குள் போட்டாள்.

முனீஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இனிப் பயமில்லப்பா, பிறக்கத்தான போகுது. அத்தை வாங்குன துண்டை எடுத்து என் பையில வச்சிருங்க."

துண்டு ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரி வாசலில் நின்றவளிடம் இருந்தது. "வச்சாச்சும்மா" என்றார் பாண்டிச்செல்வம்.